இரண்டாவது பிரேக்

பதினான்கு வருடமாக என் வலது காலுக்கு ஒரே வேலை:
பக்கத்து இருக்கைக்காரர் தவறும்வரை காத்திருப்பது,
தவறியதும் மிதிப்பது.
ராஸ் அல் கைமாவில் எத்தனையோ பேருக்கு
ரவுண்டபவுட்டில் இடம் பார்த்து நுழையக் கற்றுக்கொடுத்தேன்.
கிளட்ச்சை விடு, மெதுவா, மெதுவா, அட மெதுவாய்யா.
மலையாளம், உருது, அரபி, தகலாக்
நாலிலும் கத்தத் தெரியும் எனக்கு.

மிலித்சா நாலு முறை தோற்று ஐந்தாவதில் தேறினாள்.
லைசன்ஸ் வந்த மாதமே வேலை போயிற்று.
மூன்று மாதம் மட்டும் சார் என்று
நாயை என் வாசலில் விட்டுவிட்டு
செர்பியாவுக்கு விமானம் ஏறினாள்.
இது எட்டாவது மாதம்.

பெயர் ஜூச்சா.
அவள் பாஷையில் மஞ்சளன் என்று அர்த்தமாம்.
மலையடிவாரத்துக் கற்களுக்கிடையே பிறந்த ஜாதி.
கயிறு என்று ஒன்று இருப்பதே
இழுப்பதற்குத்தான் என்று நம்பியது.
முதல் நாளே என் தோள்பட்டையைக் கழற்றிக்கொண்டுபோய்
குப்பைத்தொட்டிப் பூனையிடம் கொடுக்கப் பார்த்தது.
நானும் இழுத்தேன்.
இழுக்க இழுக்க அது இன்னும் முன்னால்,
தொண்டை கரகரக்க,
நாக்கு ஒரு பக்கம் தொங்க.

ஊசி போட்ட சூடான் டாக்டரம்மா இக்லாஸ் சொன்னார்:
இறுகினால் நில். தளர்ந்தால் நட.
வேறொன்றும் செய்யாதே.
முக்கியமாக, வாயைத் திறக்காதே.

ஜூலை மாதம். விடியற்காலை நாலரை மணி.
புறங்கையைத் தாரில் வைத்து ஐந்துவரை எண்ணினேன்.
என் தோல் தாங்கினால் அதன் பாதம் தாங்கும்.
கிளம்பினோம்.
இறுகியது, நின்றேன்.
தளர்ந்தது, ஒரு எட்டு.
இறுகியது.
பாங்கு சொல்லித் தொழப் போனவர்கள்
தொழுது முடித்துத் திரும்பும்போதும்
நான் அதே மின்கம்பத்தடியில்.
ரிப்பேரா, என்றார் ஒருவர்,
என் பள்ளிக்கூட வண்டியைத் தினம் பார்க்கிறவர்.
நாற்பது நிமிடத்தில்
பக்காலாவின் பெயர்ப்பலகைகூடக் கண்ணுக்கு வரவில்லை.
அது பாயும்போதெல்லாம்
என் வலது கால் தானாக நடைபாதையை மிதித்தது.
அங்கே பிரேக் இல்லை.

வேகவைத்த கோழி ஈரல்,
சுண்டுவிரல் நக அளவுத் துண்டுகள், சட்டைப்பையில்.
திரும்பி என் முகம் பார்த்தால் ஒன்று.
பைக் டெலிவரிக்காரன் சீறிப் போகையில்
போகட்டும் என்று விட்டால் இரண்டு.
பூனைக்கு மட்டும் விலையே படியவில்லை.
ஏசி ஓடும் காரில் மாணவி ஒருத்தி
ஏதோ நாற்றம் சார் என்றாள்.
இஞ்சின் சூடு என்று சொல்லிவைத்தேன்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு விடியல்.
புழுக்கம், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.
குனிந்து பார்த்தேன்:
எங்கள் நடுவே கயிறு
துணியில்லாத கொடிபோலத் தாழ்ந்து தொங்கியது.
எத்தனை எட்டு என்று எண்ணவில்லை.
எண்ணினால் அறுந்துவிடும் என்று பயம்.

அன்றைக்கு ஒரு ஏமன் பெண், ரபாப்,
சிக்னலை நோக்கிக் கொஞ்சம் வேகமாகத்தான் போனாள்.
என் கால் எழுந்தது. அந்தரத்தில் நின்றது.
அவளே மிதித்தாள், கோட்டுக்கு ஒரு சாண் முன்னால்.
ஏன் சார் திட்டவில்லை என்று
வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

நேற்று பாதி நடையில் போன்.
மிலித்சாவுக்கு வேலை கிடைத்துவிட்டது,
பின்பக்கம் புல்தரையோடு வீடும்.
கூண்டுக்கும் சரக்கு விமானத்துக்கும் பணம் அனுப்புகிறாள்.
மாதக் கடைசியில், சார்.
நல்லது, என்றேன். ரொம்ப நல்லது.
அவள் வைத்த பிறகும் நல்லது நல்லது என்றபடி
பக்காலாவைத் தாண்டி, சலவைக்கடையைத் தாண்டி,

கயிறு இறுகியது.

திரும்பினேன்.
நாலு காலையும் ஊன்றி நின்றிருந்தது ஜூச்சா.
பூனை இல்லை. பைக் இல்லை.
முன்னால் போய்க்கொண்டிருந்தவன் நான்.
அது குரைக்கவில்லை, இழுக்கவில்லை,
சும்மா பார்த்தது.

ஒரு எட்டு பின்னால் வைத்தேன்.
கயிறு தொய்ந்தது.
அதற்கப்புறம்தான் அது நகர்ந்தது.

பையில் ஈரல் ஒரே ஒரு துண்டு மிச்சம்.
யாருக்குச் சேர வேண்டியது என்று
சற்று நேரம் புரியவில்லை.